அருகருகே இருந்தும் பிரியும் செடிகள்: வாழிடம், பூக்கும் காலம், மரபணு (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு செடிக்கூட்டங்கள். நடுவே மலையும் இல்லை, கடலும் இல்லை. ஒன்றின் மகரந்தம் மற்றதன் மேல் விழும் தூரம்தான். ஆனால் டி.என்.ஏ.வை எடுத்துப் பார்த்தால் இரண்டும் வெவ்வேறு திசையில் நடைபோடத் தொடங்கியிருக்கின்றன. இது ஏன், எப்படி என்று தாவரவியல் மாணவர்களும், இயற்கை ஆர்வலர்களும், காட்டு விதை சேகரிப்பவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில்கள் உள்ளன. சில பதில்கள் நீண்டுவிட்டன. சிலவற்றுக்கு நாலு வரியே போதுமானதாக இருந்தது.

இரண்டு கூட்டங்கள் மரபளவில் பிரிகின்றன என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

ஒரு மரபணு பல வடிவங்களில் இருக்கலாம். ஒரு கூட்டத்தில் ஒரு வடிவம் மிகுதியாகவும் இன்னொரு கூட்டத்தில் அதே வடிவம் அரிதாகவும் இருந்தால், அந்த இடத்தில் இரண்டும் வேறுபட்டுள்ளன என்று பொருள். மரபணுத் தொகுதி முழுவதிலும் ஆயிரக்கணக்கான இடங்களில் இப்படி ஒப்பிட்டு, 0 முதல் 1 வரையிலான ஓர் அளவாகச் சுருக்கிச் சொல்வார்கள். எஃப்-எஸ்டி என்பது அதன் பெயர். சூவல் ரைட் என்ற அமெரிக்க மரபியலாளர் வகுத்த அளவு இது. 0 என்றால் இரு கூட்டங்களும் ஒன்றுதான். 1 என்றால் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு வடிவத்தை வைத்துக்கொண்டு மற்றதை அறவே இழந்துவிட்டது.

கூட்டங்களை விலக்குபவை இரண்டு: ஒன்று இயற்கைத் தேர்வு, மற்றொன்று சிறிய கூட்டங்களில் சும்மா தற்செயலாக நடக்கும் விகித மாற்றம். இந்த இரண்டுக்கும் எதிராக நின்று கூட்டங்களைக் கலந்துவிடுவது, மகரந்தம் வழியாகவும் விதை வழியாகவும் நடக்கும் மரபணுப் பாய்வு. இந்தக் கட்டுரை முழுவதும் இந்த இழுபறியைப் பற்றியதுதான்.

தூரம்தானே பிரிக்கிறது? இதில் வாழிடமும் பூக்கும் காலமும் எங்கிருந்து வந்தன?

தூரம் பிரிக்கும், அதை யாரும் மறுக்கவில்லை. தூரம் கூடக் கூட மரபணு ஒற்றுமை குறையும் என்பதை ரைட் 1943-இலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். இன்றும் எந்த ஆய்விலும் முதலில் சோதிக்கப்படுவது இதுதான்.

ஆனால் வரைபடத்தில் அளக்கும் கிலோமீட்டர் செடிக்குத் தெரியாது. பத்து மீட்டர் தள்ளியிருக்கும் செடி வேறு மண்ணில் வளர்ந்து, மூன்று வாரம் கழித்துப் பூக்கிறது என்றால், பத்து கிலோமீட்டருக்கு அப்பால் அதே மண்ணில் அதே வாரத்தில் பூக்கும் செடியைவிட அது 'தொலைவில்' இருக்கக்கூடும். அதனால்தான் தூரத்தால் வரும் பிரிவு, சூழலால் வரும் பிரிவு, காலத்தால் வரும் பிரிவு என்று மூன்றையும் தனித்தனியே வைத்துப் பார்க்கிறார்கள். நடைமுறையில் மூன்றும் பின்னிப்பிணைந்தே வரும். மலை ஏற ஏறத் தூரமும் கூடுகிறது, குளிரும் கூடுகிறது, பூப்பதும் தள்ளிப்போகிறது. எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்தறிவதுதான் இந்தத் துறையின் பெரிய தலைவலி. அதைப் பிரிக்காமல் முடிவு சொல்லும் ஆய்வுகளை நான் பாதிதான் நம்புவேன்.

வாழிடம் எப்படிப் பிரிக்கிறது?

வந்தேறியை வாழவிடாமல் செய்வதன் மூலம். காற்றில் வரும் விதை அயல் மண்ணில் முளைக்கலாம். பூக்கும்வரை உயிரோடு இருக்க வேண்டுமே.

வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் மிமுலஸ் கட்டேட்டஸ் என்ற மஞ்சள் பூச்செடி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கடற்கரையோரம் வளர்வது பல ஆண்டு வாழும் வகை. கோடையிலும் மூடுபனியின் ஈரம் கிடைப்பதால் நிதானமாக வளர்ந்து தாமதமாகப் பூக்கிறது. உள்நாட்டில் வளர்வது ஓராண்டு வகை. கோடையில் ஊற்றுகள் வற்றுவதற்குள் பூத்து விதை போட்டுவிட்டுச் செத்துப்போகிறது. இரண்டையும் இடம் மாற்றி நட்டுப் பார்த்தார்கள். உள்நாட்டுச் செடி கடற்கரையில் உப்புச் சாரல் தாங்காமல் கருகியது. கடற்கரைச் செடி உள்நாட்டில் பூக்கத் தொடங்கும் முன்பே வறட்சியில் சிக்கிக்கொண்டது.

இங்கே கவனிக்க வேண்டியது, வாழிடம் என்ற காரணம் பூக்கும் காலம் என்ற காரணத்துக்குள் கை நீட்டியிருப்பது. வறட்சிக்குத் தப்ப வேண்டுமென்றால் சீக்கிரம் பூக்க வேண்டும். சீக்கிரம் பூத்தால் தாமதமாகப் பூப்பவற்றோடு கலப்பு குறையும். ஆகவே 'வாழிடமா, பூக்கும் காலமா' என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்திக் கேட்பதே பல நேரங்களில் தவறான கேள்வி.

மற்ற பண்புகளுக்கு இல்லாத தனிச்சிறப்பு பூக்கும் காலத்துக்கு மட்டும் என்ன?

இலையின் அகலமோ வேரின் ஆழமோ மாறினால் செடி அந்த இடத்துக்குப் பொருத்தமாகிறது, அவ்வளவுதான். அகன்ற இலைச் செடியின் மகரந்தம் குறுகிய இலைச் செடிக்குப் போவதை அது தடுக்காது. பூக்கும் காலம் அப்படியல்ல. சூழல் அதைத் தேர்ந்தெடுத்து மாற்றுகிறது. மாறிய அந்தக் கணத்திலேயே யார் யாரோடு சேரலாம் என்பதும் மாறிவிடுகிறது. ஒரே தொழிற்சாலையில் பகல் ஷிஃப்டும் இரவு ஷிஃப்டும் பார்ப்பவர்கள் ஒரே வாசலில் நுழைந்தாலும் முகம் பார்ப்பதில்லை. அதைப் போன்ற நிலை.

இன்னொன்றும் உண்டு. முந்திப் பூக்கும் செடிகள் தங்களுக்குள்ளேயே கலக்கின்றன, பிந்திப் பூப்பவை தங்களுக்குள்ளே. பூக்கும் காலம் மரபுவழி வருவதால், பிள்ளைகளில் முந்துபவை இன்னும் முந்தவும் பிந்துபவை இன்னும் பிந்தவும் வாய்ப்புக் கூடுகிறது. மண்ணில் எந்த வேறுபாடும் இல்லாத ஒரே வயலில்கூட இது நடக்கும். அதன் மேல் மண்ணும் இரண்டு விதமாக அமைந்துவிட்டால் பிரிவுக்கு இரட்டை உந்துதல்.

ஒரு வாரம் முன்பின் பூத்தால் போதுமா?

பூக்கும் பருவம் எத்தனை நாள் நீள்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு கூட்டம் 60 நாள் தொடர்ந்து பூக்குமானால், ஏழு நாள் வித்தியாசம் ஒன்றுமே இல்லை. 53 நாள் இரண்டும் சேர்ந்தே பூத்திருக்கும். பத்து நாளில் பூத்து முடித்துவிடும் செடியானால் அதே ஏழு நாள் வித்தியாசத்தில் இரண்டும் சேர்ந்து பூப்பது மூன்றே நாள்தான். அந்த மூன்று நாளிலும் ஒரு பக்கம் பூக்களின் கடைசி மிச்சம், மறுபக்கம் முதல் மொட்டுகள். உச்சத்தில் இருப்பது எதுவும் இல்லை. எனவே 'எத்தனை நாள் வித்தியாசம்' என்று மட்டும் எழுதிவிட்டுப் பூக்கும் காலத்தின் நீளத்தைச் சொல்லாத தகவலால் பயனில்லை.

இதில் எண்கள் நம்மைக் கொஞ்சம் அடக்கமாக இருக்கச் சொல்கின்றன. ரைட்டின் எளிய கணக்குப்படி, ஒரு தலைமுறைக்கு ஒரே ஒரு வந்தேறி வெற்றிகரமாக இனப்பெருக்கம் செய்தால்கூட எஃப்-எஸ்டி ஏறத்தாழ 0.2-இல் நின்றுவிடும். பத்துப் பேர் வந்தால் 0.024. பூக்கும் காலம் அந்த வரவில் பாதியை அடைத்து ஐந்தாக்கினால் 0.048. பாதிக் கதவைச் சாத்தியும் கிடைத்த பலன் அவ்வளவுதான். மரபணுத் தொகுதி முழுதும் தெளிவாகப் பிரிய வேண்டுமானால் கதவு ஏறக்குறைய முழுவதும் மூடியிருக்க வேண்டும்.

ஆனால் இந்தக் கணக்கு தேர்வுக்கு உட்படாத, 'நடுநிலை' இடங்களுக்கு மட்டும் பொருந்தும். உலோகத்தைத் தாங்குவது, பூக்கும் நாளைத் தீர்மானிப்பது போன்ற பணிகளைச் செய்யும் மரபணுக்களில், வரும் அயல் வடிவங்களைச் சூழல் உடனுக்குடன் களைந்துவிடும். அங்கே விலகல் பெரிதாகவும் மற்ற இடங்களில் ஏறத்தாழ பூஜ்யமாகவும் இருக்கலாம். ஒரு சராசரி எண்ணை மட்டும் பார்த்து 'பிரிவே இல்லை' என்று சொல்லிவிடக் கூடாது.

இது நடந்ததற்குக் கண்ணுக்குத் தெரியும் சான்று எங்கே இருக்கிறது?

வடக்கு வேல்ஸில் ட்ரெலோகன் என்ற இடத்தில் கைவிடப்பட்ட ஒரு துத்தநாக, ஈயச் சுரங்கம் உண்டு. கழிவு மண் குவிந்த பரப்பில் பெரும்பாலான செடிகளுக்கு நஞ்சாகும் அளவுக்கு உலோகம் இருக்கிறது. அதன் விளிம்பு மங்கலாக இல்லை. சில மீட்டருக்குள் கழிவு மண் முடிந்து மேய்ச்சல் நிலம் தொடங்கிவிடுகிறது. இரண்டு பக்கமும் வளர்வது ஒரே புல், ஆந்தோக்சாந்தம் ஓடோரேட்டம். காய்ந்தால் மணக்கும் புல் அது.

அந்த எல்லையில் குனிந்து பார்த்தால் என்ன தெரியும்? இந்தப் புல்லின் கதிரில் முதலில் வெளியே நீள்வது சூலக முடிகள். வெள்ளை இறகுபோல் இரண்டு இழைகள். சில நாள் கழித்துத்தான் மகரந்தப் பைகள் தொங்கத் தொடங்கும். வசந்தத்தின் ஒரு காலைப்பொழுதில் கழிவு மண் பக்கத்துக் கதிர்களில் மகரந்தப் பைகள் ஆடிக்கொண்டிருக்கும்போது, சில எட்டுகள் தள்ளி மேய்ச்சல் பக்கத்துக் கதிர்கள் பல இன்னும் சூலக முடிகளையே நீட்டியிருக்காது. காற்றுக்கு எல்லை தெரியாது. ஆனால் அது சுமந்து வரும் மகரந்தத்தை வாங்கிக்கொள்ள எதிர்ப்பக்கம் தயாராக இல்லை.

மெக்நீலி, அந்தோனோவிக்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1968-இல் இதை அளந்து வெளியிட்டார்கள். சுரங்கப் பக்கத்துப் புல் ஏறத்தாழ ஒரு வாரம் முந்திப் பூத்தது. செடிகளை எடுத்துவந்து ஒரே தோட்டத்தில் ஒரே மண்ணில் வளர்த்தபோதும் அந்த வேறுபாடு போகவில்லை. அதாவது அது மண்ணின் சூட்டால் வந்த தற்காலிக விளைவு மட்டும் அல்ல, மரபில் ஏறிவிட்டது. மேலும், சுரங்கச் செடிகளில் தன்மகரந்தச் சேர்க்கை செய்துகொள்ளும் திறனும் கூடியிருந்தது. அயல் மகரந்தம் தரும் பிள்ளைகள் நஞ்சு மண்ணில் சாகும் என்றால், தன் மகரந்தத்தையே நம்புவது லாபம்தானே.

நாற்பது ஆண்டு கழித்து அந்தோனோவிக்ஸ் அதே எல்லைக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தார். முடிவு 2006-இல் வந்தது. வேறுபாடு அப்படியே இருந்தது. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த வேலை இதுதான். பெரிய கருவி எதுவும் இல்லை. ஒரு புல், ஓர் எல்லை, திரும்பிப் போகும் பொறுமை.

மனிதர் கைபட்ட நிலத்தில் மட்டும்தான் இப்படி வேகமாக நடக்குமா?

அப்படித் தோன்றுவதற்குக் காரணம், அங்கேதான் தொடக்க ஆண்டு நமக்குத் தெரியும். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1856-இல் தொடங்கிய புல்வெளிச் சோதனை இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. பக்கத்துப் பக்கத்துத் துண்டு நிலங்களுக்கு ஆண்டுதோறும் வெவ்வேறு உரம். அங்கும் மேலே சொன்ன அதே புல், துண்டுக்குத் துண்டு மரபளவில் வேறுபட்டுவிட்டது. துண்டுகள் சந்திக்கும் விளிம்புகளில் பூக்கும் நேரம் கலப்பைக் குறைக்கும் திசையில் விலகியிருப்பதை 2005-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இடையில் வேலிகூடக் கிடையாது என்பதை நினைவில் வையுங்கள்.

இப்படிப் பிரிந்து பிரிந்து புது இனமே உருவாகுமா?

உருவாகலாம், பெரும்பாலும் உருவாகாது. பாதியிலேயே நின்றுவிடும், அல்லது சூழல் மாறினால் திரும்பக் கலந்துவிடும்.

முழுதாகப் போய்ச் சேர்ந்ததற்குப் பெயர் பெற்ற எடுத்துக்காட்டு, ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே லார்டு ஹோவ் தீவில் இருக்கும் இரண்டு பனைகள்: ஹோவியா ஃபார்ஸ்டெரியானா, ஹோவியா பெல்மோரியானா. தீவின் பரப்பு இருபது சதுர கிலோமீட்டர்கூட இல்லை. கண்டத்திலிருந்து ஏறக்குறைய 600 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இரண்டு பனைகளும் காற்றால் மகரந்தச் சேர்க்கை நடப்பவை. இவ்வளவு சின்னத் தீவில் காற்றில் போகும் மகரந்தத்துக்குத் தூரம் ஒரு தடையே இல்லை. இருந்தும் இரண்டும் தனித்தனி இனங்கள். ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய உறவினர்.

ஃபார்ஸ்டெரியானா பெரும்பாலும் சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் நிற்கிறது. பெல்மோரியானா எரிமலைப் பாறை மண்ணில். பூக்கும் உச்சங்களுக்கு இடையே ஏறத்தாழ ஆறு வாரம் இடைவெளி. 2006-இல் இதை வெளியிட்ட சவொலைனன் குழுவினர், மண்ணே முதலில் பூக்கும் நேரத்தைக் குலைத்திருக்கலாம், பிறகு தேர்வு அந்த விரிசலை அகலப்படுத்தியிருக்கலாம் என்று வாதிட்டார்கள். தடுப்புச் சுவர் இல்லாமல் இனம் பிரியாது என்று நெடுங்காலம் பேசிவந்தவர்களுக்கு இந்த இரண்டு பனைகளும் சங்கடமான சாட்சிகள்.

அப்படியானால் எது முந்தியது, மண்ணுக்குத் தகவமைவதா பூக்கும் நேர மாற்றமா?

இரண்டு வழியும் நடக்கும். செடி புது மண்ணுக்குப் போனதும், மரபணு எதுவும் மாறாமலேயே, அந்த மண்ணின் வெப்பமும் ஊட்டமும் பூப்பதை முன்னேயோ பின்னேயோ தள்ளிவிடலாம். உடனே ஒரு பகுதித் தடை இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. அதன் நிழலில் மண்ணுக்கான தகவமைப்பு வளர்கிறது. மாறாக, தகவமைப்பு முதலில் வந்து, கலப்பினப் பிள்ளைகள் இரு மண்ணிலும் தேறாமல் போக, கலப்பைத் தவிர்க்கும் செடிகளே அதிகம் பிள்ளை விட, பூக்கும் நேரம் பிறகு விலகலாம். எல்லைக்கு மிக அருகில் வேறுபாடு கூர்மையாகவும் உள்ளே போகப் போகக் குறைவாகவும் இருந்தால் இரண்டாவது வழியே நடந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

எந்த மரபணுக்கள் பூக்கும் நாளைத் தீர்மானிக்கின்றன?

நிறைய. ஆனால் சில மரபணுக்கள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. அராபிடாப்சிஸ் தாலியானா என்ற சிறு களையில் எஃப்எல்சி என்ற மரபணு பூப்பதற்குப் பூட்டுப் போடுகிறது. ஃப்ரிஜிடா என்ற மரபணு அந்தப் பூட்டை இறுக்குகிறது. பல வாரக் குளிரைக் கடந்த பிறகே பூட்டு திறக்கும். குளிர்காலம் முடியுமுன் பூத்து உறைபனியில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க இந்த ஏற்பாடு. இயற்கையில் கிடைக்கும் முந்திப் பூக்கும் செடிகள் பலவற்றில் ஃப்ரிஜிடா செயலிழந்திருப்பது 2000-ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது.

சூரியகாந்தி இன்னும் வியப்பானது. டெக்சாஸில் வளரும் வெள்ளி இலைச் சூரியகாந்தியில், ஒரே இனத்துக்குள் 77 நாள் வித்தியாசத்தில் பூக்கும் இரண்டு வகைகள் உண்டு. பூக்கச் சொல்லும் ஒரு மரபணு செயலிழந்ததோடு இது தொடர்புடையது. அந்த மரபணு தனியாக இல்லை, குரோமோசோமின் ஒரு பெரும் துண்டோடு சேர்ந்தே கைமாறுகிறது. 2020-இல் வெளியான ஆய்வு இது. மேலே சொன்ன மிமுலஸிலும் கதை அதேதான்: எட்டாவது குரோமோசோமில் ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பியிருக்கிறது, அதன் ஒரு நோக்குநிலை கடற்கரை வகைக்கு, மற்றொன்று உள்நாட்டு வகைக்கு.

தலைகீழ்த் துண்டால் என்ன பயன்? கலப்பினத்தில் அந்தத் துண்டு மற்ற வடிவத்தோடு இழை மாற்றிக்கொள்வது ஏறக்குறைய நின்றுபோகிறது. சீக்கிரம் பூப்பது, வறட்சிக்குத் தப்புவது போன்று சேர்ந்திருக்க வேண்டிய பண்புகள் ஒரே கட்டாகப் பிள்ளைக்குப் போகின்றன. அயல் மகரந்தம் வந்து கலந்தாலும் அந்தக் கட்டு அவிழ்வதில்லை. கலப்பு நடந்துகொண்டே இருக்கும்போதும் பிரிவு எப்படி நிலைக்கிறது என்ற பழைய புதிருக்குக் கிடைத்த விடைகளில் இது மிக உறுதியானது என்பது என் மதிப்பீடு.

விதை எப்போது வேண்டுமானாலும் பறந்து போகலாமே, பூக்கும் காலம் அதை எப்படித் தடுக்கும்?

தடுக்காது. மகரந்த வழியைத்தான் பூக்கும் காலம் அடைக்கும்; விதை வழி திறந்தே இருக்கும். முந்திப் பூப்பதன் விதை பிந்திப் பூப்பவை நிற்கும் இடத்தில் விழுந்து முளைக்கலாம். அதற்கு மேல் அதைத் தடுப்பது மண்ணின் வேலை.

இதைச் சோதிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. பெரும்பாலான பூக்கும் தாவரங்களில் பசுங்கணிகத்தின் டி.என்.ஏ. தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. ஆகவே அது விதையோடு மட்டும் பயணிக்கும். உட்கருவின் டி.என்.ஏ. மகரந்தத்தோடும் பயணிக்கும். இரண்டையும் ஒப்பிட்டால் எந்த வழி எவ்வளவு அடைபட்டிருக்கிறது என்று தெரியும்.

ஒரு செடி வேறு நாளில் பூக்கிறது என்றாலே அது மரபணு வேறுபாடுதானா?

இல்லவே இல்லை. இந்தத் துறையில் அதிகம் நடக்கும் குழப்பம் இதுதான். நிழலில் நிற்பது தாமதிக்கும், வெயிலில் நிற்பது முந்தும். மரபணு ஒன்றாகவே இருக்கும்.

உயர் மலைகளில் இதை அப்பட்டமாகக் காணலாம். காற்று வீசும் முகட்டில் பனி சீக்கிரம் உருகும். பள்ளத்தில் பல வாரம் கழித்து உருகும். சில நூறு மீட்டருக்குள் ஒரே இனம் முகட்டில் காய் பிடித்திருக்கும், பள்ளத்தில் இப்போதுதான் மொட்டு விடும். இங்கே பூக்கும் நாளை எழுதுவது பனி. செடியின் மரபணு அல்ல. ஆனாலும் மகரந்தத் தடை உண்மையானது. ஜப்பானின் ஹொக்கைடோவில் தைசெட்சு மலைகளில் செய்த ஆய்வுகள், பனி உருகும் நாளின் வேறுபாடு மரபணு வேறுபாட்டோடு சேர்ந்து போவதைச் சில இனங்களில் காட்டின. அதாவது மரபில் ஏறாத பூக்கும் நேர வேறுபாடுகூட மற்ற மரபணுக்களில் பிரிவை உண்டாக்கலாம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

மரபா சூழலா என்று அறிய வேண்டுமானால் பழைய வழியே சிறந்த வழி: ஒரே தோட்டத்தில் வளர்த்துப் பாருங்கள், பிறகு இடம் மாற்றி நடுங்கள். கிளாசன், கெக், ஹீசி என்ற மூவர் கலிஃபோர்னியாவில் ஒரே செடியைப் பல துண்டுகளாகப் பிரித்து, கடல் மட்டத்தை ஒட்டிய ஸ்டான்ஃபோர்டிலும், 1,400 மீட்டர் உயரத்தில் மேதரிலும், 3,000 மீட்டருக்குச் சற்று மேலான மர எல்லையிலும் நட்டார்கள். 1940-இல் வந்த அவர்கள் முடிவுகள் இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கின்றன. தாழ்நிலத்துச் செடிகள் மேலே உயிர் பிழைத்தாலும், விதை முற்றுவதற்குள் உறைபனி வந்துவிட்டது. நாள்காட்டி பொருந்தாததே அவற்றைத் தோற்கடித்தது. தோட்டத்தில் வளர்க்கும்போது முதல் தலைமுறையை நம்பாமல், ஒரு தலைமுறை விதை எடுத்துப் பிறகு அளப்பது நல்லது. தாய்ச்செடி வாழ்ந்த சூழலின் சாயல் விதையில் ஒட்டிக்கொண்டு வரும்.

தன்மகரந்தச் சேர்க்கை செய்யும் செடிகளுக்கும் இது பொருந்துமா?

குறைவாக. அராபிடாப்சிஸ் போன்றவை பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே சேர்க்கை முடித்துக்கொள்கின்றன. பக்கத்துச் செடி எப்போது பூத்தால் என்ன? அவற்றில் பூக்கும் காலம் சூழலுக்குத் தகவமையும் பண்பாக முக்கியம். கலப்புத் தடையாக அவ்வளவு இல்லை.

பூச்சிகளுக்கு இதில் பங்கு உண்டா?

உண்டு. பூக்கும் மாதம் மாறினால் வரும் பூச்சியும் மாறும், அது இன்னொரு தடையாகலாம். எதிராகவும் நடக்கும்: நெடுந்தூரம் பறக்கும் தேனீ இரண்டு கூட்டங்களையும் தைத்துச் சேர்த்துவிடும்.

எத்தனை தலைமுறையில் பூக்கும் காலம் மாறும்?

நினைப்பதைவிடச் சீக்கிரம். தென் கலிஃபோர்னியாவில் தானாக வளரும் கடுகுக் குடும்பத்துச் செடியான பிராசிகா ராப்பாவின் விதைகளை 1997-இல் சேகரித்து வைத்திருந்தார்கள். பிறகு பல ஆண்டு வறட்சி. 2004-இல் அதே இடங்களில் மறுபடி விதை எடுத்து, பழையதையும் புதியதையும் சேர்த்து ஒரே சூழலில் வளர்த்தார்கள். பேரப்பிள்ளைகள் தாத்தாக்களைவிட முந்திப் பூத்தன: ஒரு கூட்டத்தில் 1.9 நாள், மற்றொன்றில் 8.6 நாள். இது ஓராண்டுச் செடி. ஏழு தலைமுறைகளுக்குள் நடந்தது இவ்வளவும். உறங்கும் விதையை எழுப்பி முன்னோரையும் வாரிசையும் அருகருகே நிறுத்தும் இந்த முறையைப் போலத் தெளிவான சோதனை வேறில்லை.

நீண்ட கால அளவில் பார்க்க லித்ரம் சாலிகேரியா இருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து வட அமெரிக்காவுக்குப் போய்ச் சதுப்பு நிலங்களில் பரவிய இந்த ஊதாப்பூச் செடி, வடக்கே போகப் போகச் சீக்கிரம் பூக்கும், குட்டையாக இருக்கும் வகையாக மாறிவிட்டது. இடம் மாற்றி நட்டால் ஒவ்வொன்றும் தன் பகுதியில்தான் நன்றாகக் காய்க்கிறது. ஓர் அயல் செடி இரண்டு நூற்றாண்டுக்குள் இதைச் செய்து முடித்திருக்கிறது.

12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி போன்றவற்றில் ஆண்டுகளே தடையாகுமா?

தர்க்கப்படி ஆகும். ஒருமுறை பூத்து மடியும் செடியில், 2018-இல் பூத்த கூட்டமும் வேறொரு ஆண்டில் பூக்கும் கூட்டமும் மகரந்தம் பரிமாற வழியில்லை. நாள்கணக்குத் தடையைவிட இது கடுமையானது. ஆனால் அந்தத் தடை எவ்வளவு உறுதி என்பது ஒழுங்கு தவறிப் பூக்கும் சில செடிகளின் கையில் இருக்கிறது. ஆண்டு தவறி முளைத்துப் பூக்கும் ஒரு செடி தன் மரபணுக்களை ஒரு சுழற்சியிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்திவிடும்; தலைமுறைக்கு ஒரு வந்தேறியே போதும் என்ற மேலே சொன்ன கணக்கை இங்கே நினைத்துப் பாருங்கள்.

வெப்பமாகும் உலகில் இந்தப் பிரிவுகள் கூடுமா, குறையுமா?

ஒரே திசையில் போகாது. அமெரிக்காவின் கான்கார்டில் எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ 1850-களில் எழுதிவைத்த பூக்கும் நாட்குறிப்புகளோடு ஒப்பிட்டால், அங்கே செடிகள் இப்போது சராசரியாக ஒரு வாரம் முந்திப் பூக்கின்றன. ஆனால் எல்லாம் ஒரே அளவு முந்தவில்லை; சில இனங்கள் பெரிதும் நகர்ந்தன, சில அசையவே இல்லை. இரண்டு கூட்டங்கள் வெவ்வேறு வேகத்தில் நகர்ந்தால் இடைவெளி விரியவும் செய்யும், மூடவும் செய்யும். பனி உருகும் நாளால் பிரிந்திருக்கும் மலைச் செடிகளில், பள்ளத்துப் பனியும் சீக்கிரம் உருகத் தொடங்கினால் முகடும் பள்ளமும் சேர்ந்து பூக்க வாய்ப்பு உண்டு. கலப்பு எப்போதும் கெடுதல் அல்ல. முந்திப் பூக்கும் வடிவங்கள் அப்படித்தான் தேவைப்படும் இடத்துக்குப் போய்ச் சேரும்.

காட்டு விதை சேகரித்து மறுநடவு செய்கிறோம். இதிலிருந்து நாங்கள் என்ன எடுத்துக்கொள்ள வேண்டும்?

முதலில், ஒரே நாளில் போய் விதை எடுத்துவிட்டு வராதீர்கள். அன்று முற்றியிருக்கும் விதை அனைத்தும் ஏறத்தாழ ஒரே நாளில் பூத்த தாய்களுடையது. முந்திப் பூத்தவற்றின் விதை ஏற்கெனவே உதிர்ந்திருக்கும். பிந்திப் பூத்தவற்றின் காய் இன்னும் பச்சையாக இருக்கும். அறியாமலேயே பூக்கும் காலத்துக்கு ஒரு தேர்வு வைத்துவிட்டீர்கள். பருவத்தின் தொடக்கம், நடு, கடைசி என்று மூன்று முறையாவது போக வேண்டும். மூன்றையும் தனித்தனிப் பையில் நாள் குறித்து வைக்க வேண்டும்.

இரண்டாவது, 'கிட்டத்தில் கிடைத்த விதையே உள்ளூர் விதை' என்ற விதியை அப்படியே நம்ப வேண்டாம். கிட்டத்து விதை வேறு மண்ணிலிருந்து வந்ததாக இருந்தால், சற்றுத் தொலைவில் அதே மண்ணிலும் அதே உயரத்திலும் எடுத்தது மேல். மண் வகை, உயரம், ஈரம், பூக்கும் வாரம் ஆகிய நான்கையும் பையின் மேல் எழுதுங்கள். கிலோமீட்டரை ஐந்தாவதாக எழுதலாம். நடவு செய்த பிறகு முதல் இரண்டு மூன்று பருவங்களில், நட்ட செடிகளும் பக்கத்தில் இயல்பாக நிற்பவையும் ஒரே வாரத்தில் பூக்கின்றனவா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பூக்கவில்லையென்றால் அவற்றுக்குள் கலப்பு நடக்காது. எண்ணிக்கை கூடியிருக்கும், ஆனால் கூட்டம் இரண்டாகவே இருக்கும்.